தொழில்: ஒன்றுமில்லை

1986 ஜூன் மாதம், கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்துக்குக் கீழே 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம். அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, ஒனக்கு என்ன வேலைன்னு போட?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன வேல மக்ளே, வீட்டுல சும்மாதான இருக்கேன். ஒண்ணுமில்லன்னு போடு."

போட்டேன். அழகான கையெழுத்தில், நீல மையில், 'ஒன்றுமில்லை'.

அப்போது முன்முறியில் அம்மாவின் தையல் மிஷினில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று ஊசிக்கு அடியில் இருந்தது. கொக்கி வைக்க வேண்டிய இன்னும் இரண்டு கொடியில் தொங்கின. புறவாசலில் அம்மா போட்ட பந்தலில் புடலை இறங்கியிருந்தது. அடுத்த வாரம் கட்டிய கல்லூரிக் கட்டணத்தில் பாதிக்கு மேல் அந்த மிஷினிலிருந்து வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய விஷயமாக அது படவில்லை. அம்மாவுக்கும் படவில்லை.

பல வருடம் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அம்மாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. தையலுக்கு ஒன்று, மற்றதுக்கெல்லாம் ஒன்று. ரவிக்கை 4 ரூபாய், லைனிங் வைத்தால் 7. பாவாடைக்கு விளிம்பு மடித்தது 1 ரூபாய். 'ஒயர் கூடை, பெரியது, டீச்சருக்கு' என்று ஒரு வரி. மற்ற நோட்டில் கிறிஸ்துமஸ் மாதக் கணக்கு: முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு இத்தனை, அச்சுமுறுக்குக்கு அரிசி இத்தனை, கேக்குக்கு முட்டை இத்தனை, பேக்கரியில் சுட்ட கூலி இத்தனை. கேக் மாவை அடித்துத் தட்டில் ஊற்றித் துணியால் மூடி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டு வாங்கிய காலம் அது. அதற்கும் முன்பு உருளியில் ஆற்று மணலைப் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் குவித்து வீட்டிலேயே சுடுவார்கள். அடி கருகும், நடு வேகாது. அதையும் தின்றோம்.

நோட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. ஊசியும் நூலும் எங்கள் ஊர்ப் பெண்களின் கைக்கு எப்படி வந்தன, அவை எப்போது 'சும்மா' ஆயின? தேடத் தொடங்கினேன்.

எங்கள் ஊர் என்றால் நாகர்கோவில். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர் பக்கம். அந்தத் திருவிதாங்கூரில் ஊசிக்கு ஒரு கனமான வரலாறு இருக்கிறது. நாடார் பெண்களும் அவர்களைவிடத் தாழ்வாக வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்த மண் இது. லண்டன் மிஷனில் சேர்ந்த பெண்கள் தைத்த மேல்சட்டை போடத் தொடங்கினார்கள். அதற்குக் குப்பாயம் என்று பெயர். சட்டையோடு நிற்காமல் அதன்மேல் தோள்சீலையும் போட்டபோது சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1820களில் கலவரம், மறுபடி 1850களின் கடைசியில் கலவரம். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தச் சட்டைகளை யாரோ வெட்டித் தைத்தார்கள். மிஷன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் அவர்கள். போராட்டம் பற்றிய புத்தகங்களில் ராஜா உண்டு, திவான் உண்டு, கவர்னர் உண்டு. தைத்த கைகளுக்குப் பெயர் இல்லை.

லேஸ் பின்னலும் அதே மிஷன் பள்ளியிலிருந்துதான் வந்தது. 1819இல் மார்த்தா மால்ட் தன் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவில் வந்தார். பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸும் கற்றுக்கொடுத்தார். இன்று நமக்குத் தெரிந்த குருஷா ஊசிப் பின்னல் அல்ல அது. உருளைத் தலையணை ஒன்றில் கோல வரைபடத்தைப் பொருத்தி, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கண் போகிற வேலை. ஒரு விரல் அகல லேஸ் ஒரு முழம் வருவதற்குள் நாள்கள் கழிந்துவிடும்.

அந்தப் பள்ளிக்கு வந்த பெண்களில் அடிமைகளும் இருந்தார்கள். அப்போது திருவிதாங்கூரில் மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், வாங்கினார்கள். அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1855இல். லேஸ் விற்ற காசைச் சேர்த்துவைத்துத் தன் விலையைத் தானே கட்டி விடுதலையான பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்திருக்கிறார்கள். முதன்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். நூலைப் பின்னிப் பின்னித் தன்னையே ஒரு பெண் வாங்கியிருக்கிறாள். அவள் அதை 'சும்மா பொழுதுபோக்கு' என்று சொல்லியிருக்க மாட்டாள்.

இதை வைத்து மிஷனரிகளுக்கு மாலை போடும் எண்ணம் எனக்கு இல்லை. அவர்களுடைய நோக்கம் இந்தப் பெண்கள் அடக்கமான கிறிஸ்தவ மனைவிகளாக, சுத்தமான வீடு நடத்துகிறவர்களாக ஆக வேண்டும் என்பது. லேஸ் அதற்கு வசதியாக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், வெளியே போக வேண்டாம், குனிந்த தலை நிமிராது. வேடிக்கை என்னவென்றால், கற்றுக்கொடுத்த மார்த்தாவும் இதே வலைக்குள்தான் இருந்தார். லண்டன் மிஷன் சங்கத்தின் கணக்கில் மிஷனரி என்பவர் சார்லஸ். மார்த்தா அவருடைய மனைவி, அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி நடத்தியவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. இவர்களுடைய மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர், பேச்சுத் தமிழ் நாக்கில் ஓடுகிறவர். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி போய் அங்கும் பெண்கள் பள்ளியும் லேஸும் தொடங்கினார். கணவருடைய ஒப்பிலக்கணத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மெரினாவில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. எலைசாவின் பெயரை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன்.

லேஸ் பின்னியவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை எங்கள் ஊரை வைத்து அல்ல, கோதாவரிக் கரையிலுள்ள நர்சாபூரை வைத்துப் புரிந்துகொண்டேன். அங்கும் மிஷன் வழியாகத்தான் லேஸ் வந்தது. 1970களின் கடைசியில் ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அங்கே போய் வீடு வீடாக உட்கார்ந்து பேசினார். 1982இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வை மாணவிகள் தேடிப் படிக்க வேண்டும். நர்சாபூர்ப் பெண்கள் வீட்டு வேலைக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு, எட்டு மணி நேரம் லேஸ் பின்னினார்கள். அது வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. நூலைக் கொண்டுவந்து கொடுத்ததும் சரக்கை எடை பார்த்து வாங்கியதும் ஏற்றுமதி செய்ததும் ஆண்கள். அவர்களுக்குப் பெயர் வியாபாரி. பின்னியவர்களுக்குப் பெயர் இல்லத்தரசி. ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்பதால் கூலியும் ஓய்வு நேரக் கூலிதான். வயலுக்குப் போகாமல் கோஷாவுக்குள் இருப்பதைக் கௌரவமாக நினைத்த காப்பு சாதிப் பெண்கள், தங்களைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளவே கூசினார்கள். அந்தக் கூச்சத்தில் வியாபாரிக்கு லாபம் இருந்தது.

அந்த இடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "சும்மாதான இருக்கேன்."

சுதந்திரத்துக்குப் பின் அரசும் இந்தக் கோட்டை அழிக்கவில்லை, இன்னும் அழுத்திப் போட்டது. 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது கிராமத்துக்குக் கிராம சேவக் வந்தார், பிறகு கிராம சேவிகா வந்தார். சேவக் ஆண்களைக் கூட்டி விதை, உரம், கடன் பற்றிப் பேசினார். சேவிகா பெண்களைக் கூட்டித் தையல், புகையில்லா அடுப்பு, வீட்டுத் தோட்டம், சத்துணவு சொல்லிக்கொடுத்தார். நாற்று நட்டதும் களை பறித்ததும் அந்தக் கூட்டத்தில் இருந்த பெண்கள்தான். ஆனால் அரசின் கண்ணில் விவசாயம் ஆணுக்கு, வீட்டுத் தோட்டம் பெண்ணுக்கு. ஒரே மண், ஒரே மண்வெட்டி. வேலிக்கு வெளியே விளைந்தால் உற்பத்தி, உள்ளே விளைந்தால் கறிக்கு ஆச்சு.

எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். கைவேலை வகுப்பில் எங்களுக்குக் கைக்குட்டை, சங்கிலித் தையல், பொத்தான் காஜா. பையன்கள் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் விட்டார்கள். எனக்கு வாழை பிடிக்கும், காஜா வராது. வகுப்பு முடிந்து வந்தால் என் கைக்குட்டையை அம்மா பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுப்பாள். எனக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் விழும். அந்த மதிப்பெண்ணும் அவளுடையதுதான்.

தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற பெண்கள் போன்றோருக்கானது. நல்ல திட்டம், எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனாலும் அந்தத் தகுதிப் பட்டியலை வாசிக்கும்போது ஒன்று உறுத்தும். கணவன் இருக்கும்வரை தையல் பொழுதுபோக்கு, அவன் போன பிறகு அதுவே வாழ்வாதாரம். மிஷின் அதே மிஷின்தான்.

அம்மாவுக்கும் மிஷின் விஷயத்தில் ஒரு கதை உண்டு. மோட்டார் வைத்த புது மிஷின் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மேலாளர் நல்ல மனுஷன், தண்ணீர் கொடுத்தார். "வருமானச் சான்று இருக்காம்மா?" என்று கேட்டார். அம்மா நோட்டை நீட்டினாள். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார். "சாரை வரச் சொல்லுங்க. அவர் கையெழுத்துப் போட்டா ஆயிரும்." அப்பா வேலை பார்த்த கடையில் அந்த மாதம் சம்பளமே வரவில்லை. எங்கள் வீடு ஓடியது அந்த நோட்டில். அம்மா எதுவும் சொல்லவில்லை. வரும் வழியில் வடசேரிச் சந்தையில் தடியங்காய்க்குப் பேரம் பேசினாள், எப்போதையும்விடக் கொஞ்சம் அதிக நேரம். அந்தக் கடனை அதன்பின் கேட்கவே இல்லை. கால்மிதி மிஷினிலேயே கடைசிவரை தைத்தாள். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன.

இனி எண்களுக்கு வருகிறேன். பொருளாதாரம் படிக்கும் மாணவிகளுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய மாதிரி ஆய்வில் ஒவ்வொருவருக்கும் அவர் செய்யும் வேலையை வைத்து ஒரு குறியீட்டு எண் போடுவார்கள். சொந்தமாகத் தொழில் செய்தால் 11. மாதச் சம்பளம் என்றால் 31. படிக்கிறவருக்கு 91. வீட்டு வேலை மட்டும் செய்தால் 92. வீட்டு வேலையோடு காய்கறி, கீரை, விறகு, சாணி சேகரித்து, வீட்டுத் தேவைக்குத் தைத்து, நெய்து, முடைந்துகொண்டிருந்தால் 93. வாடகையிலும் ஓய்வூதியத்திலும் வாழ்கிறவருக்கு 94. 92, 93 இரண்டும் தொழிலாளர் கணக்கில் வராது.

93 என்ற எண்ணைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. யாரோ ஒரு அதிகாரி எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. 1970களின் இறுதியிலிருந்து இந்த 92, 93 பெண்களிடம் கூடுதல் கேள்விகளும் கேட்கத் தொடங்கினார்கள். வீட்டுத் தோட்டம் பராமரிக்கிறீர்களா, கோழி வளர்க்கிறீர்களா, நெல் குத்துகிறீர்களா, கூடை பாய் முடைகிறீர்களா, வரட்டி தட்டுகிறீர்களா, தைக்கிறீர்களா, வெளியிலிருந்து தண்ணீர் எடுத்துவருகிறீர்களா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று சொன்னவளும் தொழிலாளி இல்லை. அரசுக்குத் தெரியாமல் போனது என்று சொல்ல முடியாது. கேட்டது, எழுதிக்கொண்டது, எண்ணும் கொடுத்தது. சேர்க்கத்தான் இல்லை.

அம்மாவோ காசு வாங்கி ஊராருக்குத் தைத்தவள், அவள் 11 ஆக இருந்திருக்க வேண்டும். கணக்கெடுக்க வந்தவரிடம் அவளே "வேல ஒண்ணுமில்ல சார்" என்று சொன்னதை நான் திண்ணையில் இருந்து கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் 92.

நீதிமன்றங்கள் இந்த வேலைக்கு விலை போட்டிருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் பெண் செத்த பிறகு. 1989இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாப் பந்தலில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். 2001இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், இறந்த இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2010இல் இன்னொரு விபத்து வழக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்பவர்களோடும் சிறையில் இருப்பவர்களோடும் ஒரே பிரிவில் வைத்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அதே நீதிமன்றம் கண்டித்தது. உயிரோடிருக்கும் பெண்ணுக்காக எனக்குப் பிடித்த தீர்ப்பு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தது. வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் சொத்து வாங்க முடிந்தது, வீட்டில் மனைவி உழைத்ததால்தான். எனவே அவளுக்கும் அதில் சமபங்கு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் மாநில அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததை நான் கவனித்தேன். அம்மா கவனித்தாளா என்று கேட்டேன். "ஆயிரம் ரூவா ஆயிரம் ரூவாதான" என்றாள்.

2019இல் இந்தியா முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிட ஆண்களை எங்கள் தெருவில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான் என்னையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் பெண்ணியம் படிக்க ஆரம்பித்த சமயம், வீட்டு டிவி மேல் கிடந்த அம்மாவின் பின்னல் விரிப்பை எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்தேன். தோழிகள் வந்தால் பார்க்கக் கூடாது என்று. ஊசியையும் கரண்டியையும் விட்டெறிந்தால்தான் விடுதலை என்று அன்று நம்பினோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, இன்றும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாங்கள் எறிந்த இடத்தில் அம்மாக்களின் உழைப்பும் கிடந்தது. வங்கி மேலாளர் நோட்டைப் பார்த்துச் சிரித்ததற்கும் நான் விரிப்பை ஒளித்துவைத்ததற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்த விரிப்பில் பதினாறு அன்னாசிப் பூ. ஒவ்வொன்றும் இரவு பத்து மணிக்கு மேல் பின்னியது. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை, அது அவளுக்காக அவள் செய்தது. எல்லாவற்றையும் கூலிக் கணக்கில் அடைத்துவிட்டால் அந்தப் பதினாறு பூவை எங்கே வைப்பது என்பதும் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

என் நாத்தனார் மகள் இப்போது வீட்டில் கேக் சுட்டு விற்கிறாள். வாட்ஸ்அப்பில் ஆர்டர், மேசை மேல் ஓவன், டிசம்பரில் தூக்கமே கிடையாது. பி.இ. முடித்தவள். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ அவளிடம் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டபோது, "ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி, சும்மா ஹாபியா கேக் செய்றேன்" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். முந்தின நாள் அவள் பதினொரு கிலோ கேக் கொடுத்திருந்தாள், இரவு இரண்டு மணிக்குப் படுத்திருந்தாள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் என்று அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பவர் வரும் நாளில் நான் ஊரில் இருப்பேன், அதற்காகவே விடுப்புப் போட்டு வருவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா புறவாசல் படியில் உட்கார்ந்து சீனிஅவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செடி அவள் போட்டது. முழங்கால் வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து தண்ணீர் விட்டது.

"வந்து ஒனக்கு என்ன வேலைன்னு கேப்பாவ. என்னம்மா சொல்லுவ?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். காய்க் காம்பை விரலால் சுண்டிவிட்டாள்.

"எண்பது வயசுல எனக்கென்ன வேல? தச்சிட்டிருந்தேன்னு சொல்லுவேன்." பிறகு, "நோட்டு இருக்குல்லா? எடுத்துக் காட்டு" என்றாள்.